துண்டில் எழுதிய மருந்து

வணக்கம் ஐயா,

2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போதும் நமது அரச வைத்தியசாலைகள் நோயாளரிடம் கட்டணம் கேட்கத் தொடங்கவில்லை என்று உங்கள் கட்டுரையில் பெருமையோடு எழுதியிருந்தீர்கள். என் அம்மாவுக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. அந்த மாதங்களில் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட ஐந்து மருந்துகளில் இரண்டுதான் கிடைத்தன. மற்றவற்றை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தந்தார்கள். இதை இலவச மருத்துவம் என்று எப்படிச் சொல்வது? வசதியுள்ளவர்களிடமாவது ஒரு சிறு கட்டணம் அறவிட்டிருந்தால் இந்தத் தட்டுப்பாடு வந்திராது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, மட்டக்களப்பு

அன்புள்ள சகோதரிக்கு,

நான் எழுதியது பாதி உண்மை என்பதை உங்கள் கடிதம் உணர்த்தியது. எங்கள் வீட்டிலும் அதே துண்டு வந்தது. சின்னம்மா இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு மாதத்துக்குரியதை இரண்டு மாதங்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். காலில் வீக்கம் கண்ட பிறகே அது எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் மருந்து விலையை 29 வீதம் உயர்த்த அனுமதி அளிக்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் அறுபது வகை மருந்துகளின் விலை மேலும் 40 வீதம் கூட்டப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டிருந்த நிலையில், அரிசிக்கும் மாத்திரைக்கும் ஒரே காசுதான் என்றானபோது, எத்தனையோ தாய்மார் சத்தமில்லாமல் மாத்திரையைத்தான் குறைத்தார்கள். வைத்தியசாலை கேட்காத கட்டணத்தைப் பாமசியில் வீடுகள் கட்டின.

ஆனால் உங்கள் உறவினர்களின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று அரசிடம் முதலில் தீர்ந்துபோனது ரூபாய் அன்று, டொலர். நமக்கு வேண்டிய மருந்துகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானவை இறக்குமதி செய்யப்படுபவை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று மே மாதம் நிதி அமைச்சரே கூறினார். அதற்கு முன்பே, மார்ச் இறுதியில், பேராதனை போதனா வைத்தியசாலை மருந்தின்மையால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியிருந்தது. வெளிநோயாளர் பிரிவு வாசலில் உண்டியல் வைத்து ரூபாயாகச் சேர்த்திருந்தாலும், அதைக் கொடுத்து மருந்தாக மாற்றிக்கொள்ள வங்கியில் டொலர் இருந்திராது. கட்டணம் வந்திருந்தால், துண்டோடு சேர்த்து அதையும் உங்கள் அம்மா செலுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

1970களில் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கிப் பார்த்தார்கள். 1977இல் அதைக் கைவிட்டார்கள். அதே காலத்தில், அந்நியச் செலாவணி மிகவும் இறுகியிருந்தபோது, பேராசிரியர் சேனக பிபிலே வேறொரு வழியைக் காட்டினார். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராக அவர், தேவையற்ற மருந்துகளைப் பட்டியலிலிருந்து நீக்கி, வணிகப் பெயருக்கு விலை கொடுக்காமல், உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்கச் செய்தார். கையில் இருக்கும் கொஞ்ச டொலரை எந்த மருந்துக்கு முதலில் செலவிடுவது என்ற கேள்விக்கு அவர் விடை வைத்திருந்தார். 2022இல் நமக்கு வேண்டியிருந்தது அந்த விடைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மருந்து இருந்த நாளிலும் பெற்றோல் இல்லாததால் கிளினிக்குக்குப் போக முடியாதவர்கள் உண்டு. எரிபொருள் வரிசையில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்த தாதியரையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் பெருமையோடு எழுதினேன். அந்தப் பெருமையை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் அம்மாவின் அந்த ஆண்டுக் கிளினிக் கொப்பியைக் கழித்துவிடாதீர்கள். எந்த மாதம் எது கிடைக்கவில்லை என்பது அதில் இருக்கும். இப்போதைய வைத்தியரிடம் அதைக் காட்டி, சிறுநீரகத்தையும் கண்களையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சின்னம்மாவுக்கு நாங்கள் பிந்தித்தான் அதைச் செய்தோம்.