மேசையில் ஒரு குட்டிக் கொடி

அன்புள்ள அக்காவுக்கு,

ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். பொழுது போவது கேமில்தான். ஓவர்வாட்ச், செலஸ்ட் இரண்டும் எனக்கு உயிர். போன கிழமை ஓவர்வாட்ச் நாயகி ட்ரேசரும் அவளுடைய காதலி எமிலியும் காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிடுகிற மாதிரி ஒரு படம் வரைந்தேன். அண்ணா பார்த்துவிட்டார். "நானும் அதே கேம்தான் விளையாடுறன், எமிலி எண்டு ஒருத்தியை நான் கண்டதே இல்லை. செலஸ்டில வாற மெடலின் திருநங்கை எண்டதும் ரசிகர்கள் கட்டின கதை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மனதில் நிற்கிறது. நாங்கள் பார்ப்பதெல்லாம் வெறும் ஆசைதானா? எங்களைப் போன்றவர்களை ஒளிக்காமல் வரைந்த வெப்காமிக் இருந்தால் சொல்லுங்கோ, காசு கொடுத்து வாங்க ஏலாது. என் படங்களை என் பெயரிலேயே இணையத்தில் போடலாமா? படத்தையும் இணைத்திருக்கிறேன்.

ஆ.

அன்புள்ள ஆ.,

முதலில் மெடலின். 2018இல் செலஸ்ட் வந்தது. அடுத்த வருடம் சேர்த்த கடைசி அத்தியாயத்தின் முடிவில் அவளுடைய அறை கொஞ்ச நேரம் தெரியும். கணினிக்குப் பக்கத்தில் குட்டியாகக் கொடிகள், ஒரு மாத்திரைப் போத்தல். எல்லாம் நாலைந்து சதுரப் புள்ளிகளில் வரைந்தது, கண் சிமிட்டினால் தவறிவிடும். ரசிகர்கள் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்து, அது திருநர் கொடி என்றார்கள். 2020 நவம்பரில் அந்தக் கேமை உருவாக்கிய மேடி தோர்சன், ஆமாம், மெடலின் திருநங்கைதான் என்று எழுதினார். அதோடு இன்னொன்றும் எழுதினார். கேமைச் செய்த நாட்களில் மெடலின் திருநங்கை என்பதும் தெரியாது, தானும் திருநர் என்பதும் தெரியாது. கடைசி அத்தியாயம் செய்யும்போதுதான் மெல்ல ஒரு சந்தேகம் தட்டியதாம். கொடியை மேசையில் வைத்த கைக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கிறது.

அண்ணா தமிழ் பாடம் படித்தவரா? உள்ளுறை என்று ஒன்று படித்திருப்பாரே. குரங்கும் பலாப்பழமும் வருகிற பாட்டில் காதலைக் கண்டுபிடித்துச் சொன்னால் வாத்தியார் புள்ளி போடுவார். கேமில் கொடியைக் கண்டுபிடித்தால் மட்டும் கட்டுக்கதையா?

எமிலி விசயத்தில் அண்ணா சொல்வதில் பாதி சரி. 2016 மே மாதம் ஓவர்வாட்ச் வந்தபோது ட்ரேசருக்குக் காதலி இருப்பது பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வருடம் நத்தாருக்கு இணையத்தில் விட்ட ஒரு சின்னக் காமிக்கில்தான் எமிலி வந்தாள், இருவரும் முத்தமிட்டார்கள். ரஷ்யாவில் அந்தக் காமிக்கைத் திறக்க முடியவில்லை. கேமுக்குள் வைத்திருந்தால் ஒரு நாட்டுக்குக் காட்டி இன்னொரு நாட்டுக்கு மறைப்பது அவ்வளவு லேசில்லை. வெளியே வைத்தால் கதவைச் சாத்திவிடலாம். இதைப் பார்த்தபிறகு பெரிய கம்பனிகள் எப்போதாவது கிள்ளிக் கொடுப்பதற்குக் கைதட்டுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. நீங்கள் கேட்ட வெப்காமிக் பக்கம் நான் வந்ததும் அப்படித்தான். அங்கே ஆள் தனியே இருந்து வரைகிறார், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

நான் முதலில் சொல்வது ஈ. கே. வீவரின் 'டிஜே அண்ட் அமால்'. அமால் அமெரிக்காவில் வளர்ந்த இந்தியக் குடும்பத்துப் பெடியன். பேசி முடித்த கலியாணத்தை நிறுத்தி, காரணத்தையும் பெற்றோரிடம் சொல்லிவிடுகிறான். வீட்டில் தலைமுழுகிவிடுகிறார்கள். வெறியில் விழுந்து மறுநாள் எழும்பினால், முன்பின் தெரியாத ஒருத்தன் குசினியில் பாட்டுப் பாடிக்கொண்டு முட்டை பொரிக்கிறான். அமெரிக்காவின் ஒரு கரையில் பெர்க்லியில் இருந்து மறு கரையில் பிராவிடன்ஸ் வரைக்கும் சேர்ந்து காரில் போவதாக இரவு ஒப்பந்தமாம். அமாலுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இதை நான் வாசித்தது 2022இல், ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்களில். போன் வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்திருந்தேன். பக்கத்து அறையில் அம்மா விசிறியால் விசிறிக்கொண்டு யாரோ சொந்தக்காரப் பெடியனின் சாதகத்தைப் பற்றிப் போனில் கதைத்துக்கொண்டிருந்தா. "செவ்வாய் இல்லையாம், குணமான பிள்ளையாம்." அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. (பெரியவர்களுக்கான காட்சிகள் உண்டு. ஹோலில் இருந்து வாசிக்க வேண்டாம்.)

அப்புறம் டில்லி வால்டனின் 'ஆன் எ சன்பீம்'. முழுவதும் இணையத்தில் இலவசமாக வந்தது. மீன் வடிவில் ஒரு விண்கலம். அதில் இருப்பவர்களின் வேலை விண்வெளியில் பாழடைந்து கிடக்கிற கட்டடங்களைத் திருத்துவது. அங்கே புதிதாகச் சேர்கிற மியா, பள்ளிக்கூடத்தில் தான் நேசித்த கிரேஸைத் தேடுகிறாள். கதையில் ஓர் ஆண்கூட இல்லை. ஏன் என்று யாரும் விளக்கவும் இல்லை. பாதி தாண்டித்தான் எனக்கே உறைத்தது. எலியட் என்று ஒருவர் வருகிறார், ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. அவரை எப்படிக் குறிப்பிடுவது என்று ஆங்கிலத்தில் பெரிய சண்டையே நடக்கும். எங்களுக்கு 'அவர்' கைவசம் இருக்கிறது, சும்மா சொல்லிவிட்டுப் போகலாம்.

மனம் லேசாக வேண்டுமென்றால் அலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்', இரண்டு பள்ளிக்கூடப் பெடியன்களின் காதல். அதை நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் வாசித்தேன். பக்கத்து சீட் அன்ரி எட்டிப் பார்த்து, "பள்ளிக்கூடப் பிள்ளைகளின்ட கதையோ?" என்றார். ஓம் என்றேன், பொய்யில்லையே. இங்கோசி உகாசுவின் 'செக், ப்ளீஸ்'உம் அந்த ரகம், ஐஸ் ஹொக்கி விளையாடுகிற, பை சுடுகிற ஒரு பையன். அதற்குப் பசியோடு போகாதீர்கள்.

பெயர் விசயம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இரண்டும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது, திருத்தம்தான் வந்தபாடில்லை. அந்தப் பிரிவுகள் படம் வரைவதைப் பற்றியவை அல்ல. ஆனால் வெள்ளவத்தையில் சட்டத்தைவிடச் சொந்தக்காரர் வேகம், அது உங்களுக்குத் தெரியும். இப்போதைக்குப் புனைபெயரில் போடுங்கள். 'ஆல்வேஸ் ஹியூமன்' வெப்காமிக்கை வரைந்தவரும் வாக்கிங்நார்த் என்ற பெயரில்தான் தொடங்கினார். சொந்தப் பெயரை எப்போது போடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நானோ அண்ணாவோ அல்ல.

படம் பார்த்தேன். எமிலியின் தலைமயிர் கடல்காற்றில் ட்ரேசரின் வாய்க்குள் போகிறது, அது நல்லாயிருக்கிறது. ஆனால் வடையில் ஓர் இறால்தான் வைத்திருக்கிறீர்கள். காலிமுகத்திடலில் குறைந்தது இரண்டு வைப்பார்கள், அதை மட்டும் திருத்திவிடுங்கள்.