பழஞ்சின்னங்களுக்கு அருகில் உணவு வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாமல்லபுரம், தஞ்சாவூர், தாராசுரம் போன்ற ஊர்களில் சாலையோரம் உணவு விற்பவர்களும் விற்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானோர் வண்டியை வாங்கிவிட்டுத்தான் அனுமதியைப் பற்றி யோசிக்கிறார்கள். தயவுசெய்து முதலில் இடத்தைப் பாருங்கள்.

பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கிக் கடற்கரைக் கோயில் பக்கம் வறுத்த மீன் விற்க விரும்புகிறேன். உள்ளாட்சி அனுமதி மட்டும் போதுமா?

போதாது. மத்திய அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நிலத்துக்குள், அந்தத் துறையின் அனுமதி இல்லாமல் எதையும் விற்கக் கூடாது, சமைக்கவும் கூடாது. பழஞ்சின்னங்கள் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. உள்ளாட்சி கொடுக்கும் சான்றிதழ் அந்த எல்லைக்குள் செல்லாது.

எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் இதை உறுதிப்படுத்தியது. இந்தத் தூரத்தைக் கோயில் விமானத்திலிருந்து அளக்கிறவர்கள் ஏராளம். அளக்க வேண்டியது பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்து. தொல்லியல் துறையின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போய் எல்லை வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

இந்த 300 மீட்டருக்குள் அந்தச் சட்டம் குறிவைப்பது கட்டுமானத்தைத்தான். மாலையில் வந்து நின்று, இரவில் கிளம்பிவிடும் வண்டியைக் கட்டுமானம் என்று சொல்வது கடினம். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? முதல் மாதம் வண்டி தினமும் வீடு திரும்புகிறது. பிறகு டயருக்கு அடியில் செங்கல் வைக்கிறார்கள். முன்பக்கம் நான்கு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போடுகிறார்கள். கை கழுவ ஒரு சிமெண்டுத் தொட்டியும் வந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் அதிகாரி நோட்டீஸ் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. வண்டி வண்டியாகவே இருக்கட்டும்.

வேனின் உடலமைப்பை மாற்றிச் சமையலறை ஆக்குவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும், ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) அதற்கான பதிவும் தேவை. உள்ளாட்சியிடம் கேட்க வேண்டியது 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படி வழங்கப்படும் விற்பனைச் சான்றிதழ். அந்தச் சட்டம் சாலையோர வியாபாரியை வரையறுக்கும் இடத்தில் எஞ்சின் உள்ள வண்டியைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை. இடம் பெயர்ந்து விற்பவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஆகவே நடமாடும் விற்பனை என்று குறிப்பிட்டு, வண்டியின் நீள அகலம், நிற்கும் நேரம் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள்.

நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் பெயரில் சான்றிதழ் வாங்கி, வண்டியை வேறொருவருக்கு வாடகைக்கு விடலாமா?

கூடாது. நானோ என் குடும்பத்தாரோதான் விற்போம், எனக்கு வேறு பிழைப்பு இல்லை, சான்றிதழை யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்தால்தான் சான்றிதழே கிடைக்கும். இது அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவருக்காகப் போராடிப் பெற்ற சட்டம். அந்த இடத்தை அவருக்கு விட்டுவிடுங்கள்.

பெரிய கோயிலுக்கு அருகே பல வருடமாக இட்லிக் கடை போடுகிறேன். சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் என் பெயர் விடுபட்டுவிட்டது. சுற்றுலாவுக்காக அழகுபடுத்தப் போகிறோம், கிளம்புங்கள் என்கிறார்கள்.

உடனே கிளம்பிவிடாதீர்கள் அம்மா. கணக்கெடுப்பு முடிந்து எல்லா வியாபாரிகளுக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்பது சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அதன் பிறகும், இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் அது நோட்டீஸ் ஆகாது.

கூட்டம் அதிகம் என்ற காரணத்தை மட்டும் காட்டி ஓர் இடத்தை விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்க முடியாது. 50 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நடக்கும் சந்தையாக இருந்தால் அதைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ளவர்களை இடம் மாற்றவும் கூடாது. ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்குக் காட்டும் மரியாதையில் ஒரு பங்கையாவது அதன் வாசலில் தலைமுறைகளாக விற்கிறவர்களுக்கும் காட்டச் சொல்கிறது இந்தச் சட்டம். எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: தரைவாடகை ரசீது, அபராத ரசீது, தேதியோடு கூடிய பழைய புகைப்படம் என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து, சாலையோர விற்பனைக்கென உள்ளாட்சியில் இருக்கும் நகர விற்பனைக் குழுவுக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் பகுதிப் பிரதிநிதி யார் என்று கேட்டு அவரையும் பாருங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் நிற்பது நகராட்சிச் சாலையா, கோயில் நிலமா? கோயில் நிலமென்றால் கோயில் நிர்வாகத்தையும் கேட்க வேண்டியிருக்கும்.

அடுப்பு, பாத்திரம், மாவு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எப்படித் திரும்பப் பெறுவது?

பறிமுதல் செய்யும்போதே பொருள்களின் பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டு நகலை உங்களிடம் தர வேண்டும். தரவில்லை என்றால் அதையே முதல் புகாராக எழுதுங்கள். நீங்கள் கேட்டு வந்தால், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். விதிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்திவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் ஒருவர் பணம் வசூலிக்கிறார். சில நாள் சீருடையில் இருப்பவர்களும் கேட்கிறார்கள்.

எண் அச்சிட்ட ரசீது இல்லாத எந்த வசூலுக்கும் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வசூல் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் என்றால் அவருடைய ஆணையையும் கட்டண விகிதத்தையும் காட்டட்டும். சான்றிதழின் நிபந்தனைப்படி விற்பவரைக் காவல்துறை உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்று சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அதன் நகலைச் சான்றிதழோடு சேர்த்து வண்டியில் வைத்திருங்கள். தனியாக எதிர்த்துப் பேசுவதைவிடப் பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து மனு கொடுப்பது பாதுகாப்பு.

வீட்டு சிலிண்டரை வண்டியில் வைக்கலாமா?

கூடாது. வணிக சிலிண்டர்தான். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் தடையில் இருக்கிறது; வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு போதும். வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள், அச்சு மை சாப்பாட்டில் இறங்கும். கழிவு எண்ணெயை மழைநீர் வடிகாலில் ஊற்றுவது பழஞ்சின்னத்தின் சுற்றுப்புறத்துக்குச் செய்யும் நேரடிக் கேடு.

சான்றிதழ் அம்மா பெயரில் இருந்தது. அவர் இறந்துவிட்டார்.

உங்களுக்கு என் ஆறுதல். அவரைச் சார்ந்து வாழ்ந்த பிள்ளை என்ற முறையில், சான்றிதழின் காலம் முடியும்வரை நீங்கள் அதே இடத்தில் விற்கலாம். இறப்புச் சான்றிதழின் நகலோடு உடனே எழுதிக் கொடுங்கள். காலம் முடிவதற்கு முன்பே உங்கள் பெயரில் புதிய விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.