பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவசர சிகிச்சைத் திறன் பயிற்சி நடத்தினோம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த தேர்வு மதிப்பெண்கள் இருக்கின்றன. பலன் உண்டு என்று சொல்ல அவை போதுமா?

போதாது. அன்று மாலையே வைக்கிற தேர்வு, காலையில் சொன்னது மாலை வரை நினைவில் நின்றதா என்பதைத்தான் காட்டும். அதிலும் இரண்டு முறையும் ஒரே வினாத்தாள் என்றால் மதிப்பெண் தானாகவே ஏறும். செவிலியர் பயிற்சியில் பல காலமாக இருக்கிறேன். இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் சொல்வது தான்சானியாவின் ஹேடம் மருத்துவமனையைத்தான்.

பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையைக் காப்பாற்றக் கற்றுத்தரும் 'ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத்' பயிற்சியை அந்தக் கிராமப்புற மருத்துவமனையில் ஒரு நாள் நடத்தினார்கள். ஏழு மாதம் கழித்துப் பொம்மையை வைத்துச் சோதித்தார்கள். மூச்சை மீட்கும் சோதனையில் தேறியவர்கள் 18 சதவீதத்திலிருந்து 74 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். அறிக்கை எழுத இதைவிட நல்ல எண் வேண்டுமா? ஆனால் அவர்கள் பிரசவ அறையிலும் ஆள் வைத்துக் கவனித்திருந்தார்கள். அங்கே சளி உறிஞ்சுவதும் பையும் மாஸ்க்கும் வைத்து மூச்சுக் கொடுப்பதும் மாறவில்லை. குழந்தையைத் தேய்த்துத் தூண்டுவது குறைந்தேவிட்டது. 2013இல் இதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்புறம் முறையை மாற்றினார்கள். வாரந்தோறும் சில நிமிடம், மாதந்தோறும் கொஞ்சம் நீண்ட நேரம் என்று வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி. முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள். முன்-பின் ஒப்பீடுதான், மற்ற காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் பொம்மையோடு நிறுத்தாமல் குழந்தைகளையும் எண்ணியதால்தான் இவ்வளவும் தெரியவந்தது.

சரி, உங்கள் நிலையங்களில் எதைப் பார்ப்பது? பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், சொல்லாமல் போய் ஒரு ஒத்திகை நடத்துங்கள். சி.பி.ஆர்., அதாவது நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தியும் மூச்சுக் கொடுத்தும் மீட்கும் திறன் மங்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளலாம். விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, எடுத்த ரத்தம் குழாயில் உறைகிறதா என்று கவனிக்கும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை எப்படிச் செய்வது என்று கேட்டால் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறதா? பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று, தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறிவிடலாம். அந்த மருந்து ஒவ்வாமல் போனால் அட்ரினலினைத் தொடைத் தசையில் போட எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஆம்பியூல் பூட்டிய அலமாரியில் இருந்து, சாவி மருந்தாளுநரிடம் இருந்தால், அது செவிலியரின் திறன் குறை ஆகாது. மதிப்பீட்டில் அதைத் தனியாக எழுதுங்கள்.

அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்குப் போகிற ரெஃபரல் சீட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். கடித்த நேரம், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் மூன்றும் எழுதியிருக்கிறதா? செலவில்லாத, நம்பகமான சான்று அது. 'தன்னம்பிக்கை கூடியது' என்று படிவத்தில் டிக் அடிப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நம்பிக்கை கூடியும் கை பழகாமல் இருப்பவர்கள் உண்டு.

ஒத்திகையில் யார் தடுமாறினார் என்பது மேலதிகாரிக்குப் போகவே கூடாது. ஒருமுறை மெமோ வந்துவிட்டால் அடுத்த முறை யாரும் உள்ளதைக் காட்டமாட்டார்கள்.

நடைமுறையில் கை எப்படி இருந்தது என்று பயிற்சிக்கு முன்பே நீங்கள் அளக்கவில்லை என்று புரிகிறது. இனிமேல் பயிற்சி பெறப்போகும் நிலையங்கள் மீதி இருந்தால், அங்கே இப்போதே இதே ஒத்திகையை நடத்திவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அது ஒன்றுதான்.