வாசகர் கேள்விகள்: எச்சரித்தவர்களை யார் கேட்டார்கள்?

கேள்வி: எங்கள் ஐயா கொழும்புச் செட்டியார் தெருவில் லேவாதேவிக் கடையொன்றில் அடுத்தாளாக இருந்தவர். அங்கிருந்து நடந்தே போகக்கூடிய கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயத்தில்தான் 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்தது. இத்தகைய தீவிரவாதத்துக்கு எதிராக மிதவாத முஸ்லிம்கள் ஏன் வாய் திறப்பதில்லை?
– வாசகர், தேவகோட்டை

பதில்: திறந்தார்கள், கேட்க வேண்டியவர்கள்தாம் கேட்கவில்லை. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிம், தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்காரர். தேவாலயங்களைக் குறிவைக்கும் முன்பே அவர் தர்காக்களைப் போற்றும் தம் ஊர் சூஃபி வழியினரைத்தான் பகைத்துக்கொண்டார். 2017 மார்ச்சில் அவருடைய ஆட்கள் அவர்களோடு மோதியதையடுத்துச் சிலர் கைதானார்கள், அவர் தலைமறைவானார். சூஃபி வழியினர் அதிகாரிகளிடம் முறையிட்டும் பயன் விளையவில்லை.

இலங்கையின் மாவனெல்லை என்ற ஊரில் நடந்தது இன்னும் கொடுமை. 2018 டிசம்பரில் அங்கே புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டபோது, துப்பறிய உதவியவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தத் துப்பு வழியே வனாத்தவில்லு என்ற இடத்தில் வெடிபொருள் கிடங்கு சிக்கிய பின், 2019 மார்ச்சில், அவ்வாறு உதவிய ஒருவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். உயிர் பிழைத்தாலும் உடல் முடங்கிப்போனது. இந்தியா அனுப்பிய உளவு எச்சரிக்கையும் கிடப்பில் போடப்பட்டது. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்ததே இந்த அலட்சியத்துக்காகத்தான்.

தாக்கியவர்களின் உடல்களைத் தங்கள் மையவாடிகளில் அடக்க விட மாட்டோம் என்று மார்க்க அறிஞர்களின் அமைப்பான உலமா சபை அறிவித்தது. இருந்தும் மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் பள்ளிவாசல்களும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன. காட்டிக்கொடுத்து உதவியவர் யார், ஒதுங்கி நின்றவர் யார் என்று கலகக்காரர்கள் விசாரிக்கவா செய்தார்கள்?

ஆனாலும் எல்லாப் பழியையும் அரசின் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்ற பேச்சு வெறுப்பாக முற்றியபோது, அதை மார்க்க விவாதம் என்று எண்ணிப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களும் உண்டு. மிதவாதிகள் வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். குண்டு வெடித்த பிறகு விடும் கண்டன அறிக்கைக்கு அந்த வலிமை வராது.

கேள்வி: பாகிஸ்தானில் மட்டும் தீவிரவாதத்தை எதிர்த்து வாய் திறப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?
– அதே வாசகர்

பதில்: அங்கே சட்டமே தீவிரவாதிகளின் கைக்கு ஆயுதமாகிவிடுகிறது. மத நிந்தனை வழக்கில் 2010-இல் மரண தண்டனை பெற்ற ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்காகப் பரிந்து பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை, 2011 ஜனவரி 4 அன்று அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். நீதிமன்ற வாசலில் அந்தக் கொலையாளிமீது ரோஜா இதழ் தூவியவர்கள், நம்ப முடிகிறதா, வழக்கறிஞர்கள். அந்தக் கொலையாளிக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

அப்படியும் துணிந்தவர்கள் இருந்தார்கள். 2015-இல் கொலையாளியின் தண்டனையை உறுதி செய்த அமர்வில் இருந்த நீதிபதி ஆசிஃப் சயீத் கோசா, 2018 அக்டோபரில் ஆசியா பீபியை விடுவித்த அமர்விலும் இருந்தார். சிறுபான்மையினருக்குக் கொடுமை செய்யலாகாது என்ற நபிமொழியைத் தம் தீர்ப்புரையில் எடுத்துக்காட்டினார். தீர்ப்பை எதிர்த்த போராட்டங்களால் நகரங்கள் சில நாள் முடங்கின, தீர்ப்பு மாறவில்லை. 2019 ஜனவரியில் மறு ஆய்வு மனுவும் தள்ளுபடியானது.