கீரை மாறிய கிம்பாப்

வணக்கம் சார்,

நீங்கள் சொன்னீர்கள் என்று ‘ஹலோ கோஸ்ட்’ கொரியப் படத்தை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். வீட்டுக்குள் வந்து ஒட்டிக்கொண்ட நான்கு பேய்களோடு ஒருவன் படும் பாடு! சிரித்து வயிறு வலித்தது. ஆனால் கடைசியில், அந்த நான்கு பேரும் அவனுடைய குடும்பம்தான் என்று சொல்லி அழவைத்துவிட்டார்கள். என் பிள்ளைகள் தேம்பினார்கள். எனக்கோ ஏமாற்றப்பட்டது போல இருந்தது. சிரிக்க வந்தவர்களை இப்படிச் செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படம் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முடிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கிம் யங்-டாக் இயக்கி 2010 டிசம்பரில் வந்த படம் இது. தனக்கென்று யாருமில்லாத சாங்-மன், சாகப்போய்ப் பிழைக்கிறான். அப்புறம் நான்கு ஆவிகள் அவனை விடுவதில்லை. சபலக்காரத் தாத்தா, ஓயாமல் புகைப்பவர், அழுதுகொண்டே இருக்கும் பெண், மிட்டாய்க்கு அலையும் பையன். நால்வரும் மாறிமாறி அவன் உடம்பில் ஏறிக்கொள்ள, சாங்-மன்னாக வரும் சா டே-ஹ்யூன் ஒருவரே ஐந்து பேராக நடிக்கிறார். நீங்கள் சிரித்தது அங்கேதான் இருக்கும்.

இப்போது அவர்கள் கேட்டவற்றை யோசித்துப் பாருங்கள். ஒரு கேமரா. காரில் கடற்கரைக்கு ஒரு பயணம். சந்தையில் காய் வாங்கிச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. பையனுக்குத் தியேட்டரில் ஒரு கார்ட்டூன் படம். தனித்தனியாகப் பார்த்தால் நான்கு பேரின் விசித்திர ஆசைகள். சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை. படம் எதையும் நம்மிடமிருந்து ஒளிக்கவில்லை. சிரிப்புக் காட்சிகள் என்று நாம்தான் கடந்துவந்தோம்.

அந்த உண்மை வெளிப்படும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ஆவியும் “நான் உன் அம்மா” என்று சொல்வதில்லை. ஆவிகள் போன பிறகு, தான் விரும்பும் நர்ஸ் பெண்ணோடு உட்கார்ந்து சாங்-மன் கிம்பாப் சாப்பிடுகிறான். கடல்பாசித் தாளில் சோறும் காயும் வைத்துச் சுருட்டி, வில்லை வில்லையாக நறுக்கும் பண்டம். உள்ளே வழக்கமாகப் பசலைக்கீரை மாதிரி ஒன்று வைப்பார்கள். இதில் மினாரி என்கிற வாசனைக் கீரை இருக்கிறது. அப்படி வைப்பவள் அவன் அம்மா. சின்ன வயதில் விபத்தில் குடும்பத்தையே இழந்து, நினைவையும் தொலைத்தவனுக்கு அந்த ஒரு கீரை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

கொரியாவில் சூசொக் என்கிற அறுவடைப் பண்டிகைக்கும் சந்திரப் புத்தாண்டுக்கும், இறந்துபோன முன்னோருக்கு வீட்டில் சாப்பாடு படைப்பார்கள். இந்தப் படத்தில் அது தலைகீழாகிறது. இறந்துபோன அம்மா, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். சாகத் துணிந்தவனுக்குப் படைக்கப்பட்ட சோறு அது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிம்பாப்புக்குப் பிறகு, பழைய காட்சிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டி விளக்குகிறார்கள். அது தேவையில்லை. அந்த ஒரு வாய்ச் சோறு போதும். உங்களுக்கு எரிச்சல் வந்தது அந்த இடத்தில் என்றால் எனக்குப் புரிகிறது.

சரி, பிள்ளைகளோடு இன்னொரு தடவை பாருங்கள். சந்தைக்குப் போகும் காட்சியில் இந்தத் தடவையும் சிரிப்பு வருகிறதா என்று எழுதுங்கள்.

அன்புடன்