வெளிநாட்டில் படிக்கும் சைவப் பிள்ளையைக் கிறிஸ்தவ ஊழியக் குழுக்களோடு பழக விடலாமா?

உங்கள் மகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறாள், அங்கே கிறிஸ்தவக் குழுக்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வலிய வந்து பழகுவார்களாமே, விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழும்பு வெள்ளவத்தை, மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பம். முதுமாணிப் படிப்புக்கு அங்கே போயிருந்தபோது அப்படி ஒரு குழுவில் நானும் ஊழியம் செய்தேன்.

மதம் பற்றிக் கதைப்பார்களா? கதைப்பார்கள். அதற்காகத்தான் அந்த ஊழியமே. இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் தேவாலய மண்டபத்தில் நடப்பது பெரும்பாலும் சூப்பும் பாணும் ஆங்கிலம் பேசிப் பழகுவதும்தான். நத்தார் அன்று அங்கே ரயில் ஓடாது, பெரிய கடைகள் பூட்டு, விடுதியில் ஆள் அரவம் இருக்காது. அன்றைக்கு யாராவது சாப்பிட வா என்று கூப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த அறையில் தனியே இருந்தவருக்குத்தான் தெரியும்.

என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சீனாவிலிருந்து வந்த ஒரு பொறியியல் மாணவன் ஆறு கிழமை என்னோடு லூக்கா சுவிசேஷம் வாசித்தான். ஏழாவது கிழமை, தனக்கு இதில் நம்பிக்கை வராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டான். சரி என்றேன். அப்புறம் நான் அவனுக்குக் கோல் எடுக்கவே இல்லை. மூன்று கிழமை கழித்து, கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும்போது, குழுவை நடத்திய எழுபது வயது அம்மா கேட்டார்: "அவன் காய்ச்சலோடு படுத்திருக்கிறானாம், உனக்குத் தெரியாதா?" எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அன்றிரவு அரிசிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவன் முதலில் என் கையைப் பார்த்தான், பைபிள் இருக்கிறதா என்று. அவன் ஊரிலும் காய்ச்சலுக்குக் கஞ்சிதானாம். அவன் கிறிஸ்தவனாகவில்லை. இன்றைக்கும் என் நெருங்கிய நண்பன்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. மிசன் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மாறுகிறார்கள் என்ற கவலையில்தான் ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதே நாவலர்தான் பேர்சிவல் பாதிரியாரோடு வருடக்கணக்காக உட்கார்ந்து பைபிளைத் தமிழில் கொண்டுவர உதவினார், கடைசிவரை சைவராகவே இருந்தார். வீட்டில் வேர் பிடித்த பிள்ளை ஒரு மேசையில் உட்கார்ந்து சூப் குடித்ததால் ஆட்டம் காணாது.

ஆனபடியால் போகட்டும். ஆனால் தாங்கள் கிறிஸ்தவக் குழு என்று அழைப்பிலேயே வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயரை மறைக்கிறவர்கள், பழைய சிநேகிதரை விடு என்கிறவர்கள், வீட்டுக்குச் சொல்லாதே என்கிறவர்கள், இவர்களிடம் ஒரு நாளும் திரும்பிப் போகக் கூடாது. வேதாகம வகுப்பு வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் அடுத்த வெள்ளி சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்களா, அதைக் கவனிக்கட்டும். நான் கஞ்சி கொண்டு போகும்வரை அந்தப் பரீட்சையில் தேறாதவன்.

முதல் நாளே தான் சைவம், மரக்கறிதான் சாப்பிடுவேன் என்று சொல்லட்டும், கூச்சப்படத் தேவையில்லை. எங்கள் மண்டபத்தில் அந்த அம்மா இறைச்சி படாத சட்டி ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். மாறிப்போகாமல் இருக்க, மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.