ஃப்ளோரிடாவில் இருக்கும் சித்தப்பா வாங்கித் தரும் உள்ளூர்வாசிகளுக்கான சலுகை விலை டிக்கெட்டில் நான் டிஸ்னி வேர்ல்டுக்குள் போக முடியுமா?

முடியாது. சித்தப்பா காசு கொடுத்து வாங்கினாலும், டிக்கெட்டைப் பயன்படுத்துபவர் ஃப்ளோரிடாவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் போன்ற முகவரிச் சான்று கேட்பார்கள். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டிலும் இப்படித்தான். அங்கே தென் கலிஃபோர்னியா சலுகை வரும்போது ஜிப் குறியீடு (நம்மூர் பின்கோடு மாதிரி) 90000 முதல் 93599 வரை இருக்க வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள்.

"பல நாள் சலுகை டிக்கெட்டாக வாங்கி, முதல் நாள் சித்தப்பா போகட்டும், மிச்ச நாளுக்கு நான் போகிறேன்" என்று பலருக்கும் யோசனை வரும். அதற்கும் வழியை அடைத்துவிட்டார்கள். டிஸ்னி வேர்ல்டு வாசலில் விரலை வைக்கச் சொல்வார்கள், டிஸ்னிலேண்டில் முகத்தைப் படம் எடுப்பார்கள். அடுத்த நாள் வேறு ஆள் வந்து நின்றால் அங்கேயே தெரிந்துவிடும். டிக்கெட்டை அவர்கள் ரத்து செய்துவிடலாம், பணமும் திரும்பாது. குழந்தைகளோடு வரிசையில் நின்றுகொண்டு முழு விலைக்குப் புதிதாக வாங்குவது எவ்வளவு சங்கடம்!

இந்தச் சலுகையே கூட்டம் குறைந்த நாட்களில் பக்கத்து ஊர்க்காரர்களை வரவழைக்கத்தான். விமானம் ஏறி வருகிறவர் எப்படியும் வருவார், அவருக்கு ஏன் குறைப்பார்கள்? உங்களுக்குச் சரியானது எல்லோருக்கும் விற்கும் சாதாரண பல நாள் டிக்கெட்தான். நாள் கூடக் கூட ஒரு நாளுக்கு ஆகும் விலை இறங்கிவிடும்.